சம்மதித்தால்தான் ஆட்டம்

2024 மே 3, வெள்ளிக்கிழமை. சோனி வெளியிட்ட ‘ஹெல்டைவர்ஸ் 2’ விளையாட்டைக் கணினியில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு, அதை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் இந்த விளையாட்டை ஆட வேண்டுமானால் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஒரு கணக்கு தொடங்கி, அதை ஸ்டீம் கணக்கோடு இணைத்தாக வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு மே 6 முதல் இது கட்டாயம். ஏற்கெனவே ஆடுபவர்களுக்கு ஜூன் 4 வரை அவகாசம்.

விளையாட்டு வெளிவந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. விலை 40 டாலர். நான்கு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டு என்பதால், நண்பர்களையும் வாங்கவைத்து ஆடியவர்கள் ஏராளம். வெளிவந்த நாளில் சர்வர்கள் நெரிசலைத் தாங்காமல் திணறியதால், கணக்கை இணைக்கும் படியைத் தாண்டிப் போகலாம் என்று நிறுவனமே விட்டுவைத்திருந்தது. பணம் கொடுத்து, மூன்று மாதம் ஆடி, பழகிப்போன பிறகு பிறந்த தேதியும் மின்னஞ்சலும் நாடும் கேட்டு, சோனியின் பிரைவசி பாலிசிக்கும் சம்மதம் சொல் என்றார்கள்.

இரண்டே நாளில் ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. கோபத்துக்குப் பல காரணங்கள். 2011 ஏப்ரலில் இதே பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஊடுருவியவர்கள் 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்களை அள்ளிச் சென்றதைப் பழைய ஆட்டக்காரர்கள் மறக்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த நெட்வொர்க் உலகின் பெரும்பாலான நாடுகளில் கிடையவே கிடையாது என்பது. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, பிலிப்பைன்ஸ் என்று நீளும் அந்த வரிசையில் இலங்கையும் இருந்தது. சென்னையில் இருப்பவர் கணக்கு தொடங்கலாம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் வேறு நாட்டில் இருப்பதாகப் பொய் சொன்னால்தான் உண்டு. அப்படிப் பொய் சொல்வதும் சோனியின் விதிகளுக்கு விரோதம். அந்த வார இறுதியிலேயே 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் விளையாட்டு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களில், பல மணி நேரம் ஆடிய சிலருக்கும் ஸ்டீம் பணத்தைக் கொடுத்தது.

மே 6 அன்று சோனி பின்வாங்கியது. இணைப்பு கட்டாயமில்லை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் கணினிக்கான மேலும் சில விளையாட்டுகளிலும் கட்டாயத்தைத் தளர்த்தி, விரும்பி இணைப்பவர்களுக்குச் சில சலுகைகள் தருவதாகச் சொன்னது. நான் இந்தச் சம்பவத்தில் கவனிப்பது கடைசியாக நடந்த இதைத்தான். மே மாதம் ‘இல்லாமல் முடியாது’ என்று சொல்லப்பட்ட ஒன்று, எட்டு மாதத்தில் ‘இருந்தால் நல்லது’ என்று ஆகிவிட்டது. விளையாட்டு அதே விளையாட்டுதான். அந்தத் தகவல் இல்லாமலும் அது ஓடியது, இன்றும் ஓடுகிறது.

இரண்டு டிக், ஒரு பட்டன்

ஹெல்டைவர்ஸ் ஆட்டக்காரர்கள் ஜெயித்ததற்கு அவர்களிடம் இருந்த இரண்டு கருவிகள் காரணம்: எல்லோர் கண்ணிலும் படும் விமர்சனப் பகுதி, திருப்பிக் கேட்கக்கூடிய 40 டாலர். நம் ஊரில் மொபைலில் இலவசமாக இறக்கி ஆடும் பெரும்பான்மையோரிடம் திருப்பிக் கேட்கப் பணமும் கிடையாது.

ஒரு மொபைல் கேமை நிறுவித் திறந்து பாருங்கள். நிறுவனத்தின் சின்னம் மின்னி மறைந்ததும் திரை நடுவே ஒரு பெட்டி வரும். பொடி எழுத்தில் நாலைந்து வரி. சேவை விதிமுறைகளுக்கு ஒரு லிங்க், பிரைவசி பாலிசிக்கு ஒரு லிங்க். பக்கத்திலேயே இரண்டு சின்னக் கட்டங்கள். இரண்டிலும் டிக் அடிக்காதவரை கீழே உள்ள பட்டன் சாம்பல் நிறத்தில் கிடக்கும். அடித்ததும் பளிச்சென்று நிறம் மாறும். சில கேம்களில் ‘அனைத்துக்கும் சம்மதம்’ என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. அதை ஒருமுறை தொட்டால் விளம்பரச் செய்திகள் அனுப்புவதற்கான சம்மதமும் சேர்ந்தே விழுந்துவிடும். மறுப்பவருக்குப் பெரும்பாலும் பட்டனே இருக்காது. இருந்தால், அதைத் தொட்டதும் கேம் மூடிக்கொள்ளும்.

படிக்காமல் தொடுகிறார்களே என்று ஆட்டக்காரர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலீசியா மெக்டொனால்டும் லோரி கிரேனரும் 2008ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் தாம் போகும் தளங்களின் பிரைவசி பாலிசிகளை எல்லாம் வரிவரியாகப் படித்தால் ஆண்டுக்குச் சராசரியாக 244 மணி நேரம் ஆகும். ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முந்தைய கணக்கு இது. பின்னாளில் ஜொனாதன் ஓபார், ஆன் ஓல்டார்ஃப் ஹிர்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இல்லாத ஒரு சமூக வலைதளத்தை உருவாக்கி, 543 மாணவர்களை அதில் சேரச் சொன்னார்கள். முதல் குழந்தையைக் கட்டணமாகத் தர வேண்டும் என்ற விதியும் உள்ளே எழுதப்பட்டிருந்தது. 98 விழுக்காட்டினர் அதைக் கவனிக்கவில்லை. படித்தால் மட்டும் என்ன செய்துவிட முடியும்? முழுவதையும் படித்து, ஒரு வரி பிடிக்காமல் போனாலும் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு உள்ளே போக வழி கிடையாது. முழுதாக ஏற்க வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். இந்த நிலையில் படிக்காமல் தொடுவது சோம்பேறித்தனமாக எனக்குத் தோன்றவில்லை. பலன் இல்லாத வேலையை மக்கள் செய்ய மறுக்கிறார்கள்.

முதல் நாள் கேட்கப்படும் சம்மதத்தைவிடக் கொடியது நடுவில் கேட்கப்படுவது. முதல் நாள் வேண்டாம் என்றால் இழப்பு எதுவும் இல்லை, இன்னொரு கேமை இறக்கிக்கொள்ளலாம். ஐந்து வருடம் ஆடிய பிறகு ஓர் அப்டேட்டோடு புதிய பாலிசி வந்தால், அதை மறுப்பவர் சேர்த்த எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். டிக்கெட் எடுத்து ஏறியவரைப் பாதி வழியில் எழுப்பி, இன்னொரு தாளில் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் இறங்கு என்று சொல்வதைப் போன்றது அது.

‘மைன்கிராஃப்ட்’டில் இது நடந்தது. பத்தாண்டுக்கு முன் காசு கொடுத்து வாங்கியவர்கள் மோஜாங் கணக்கில் ஆடிவந்தார்கள். மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 2014இல் வாங்கியது. 2020இல், எல்லோரும் மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாற வேண்டும் என்றது. 2023 முடிவதற்குள் மாறாதவர்கள், தாங்கள் விலைக்கு வாங்கிய விளையாட்டை இழந்தார்கள். ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ 2009இல் வெளிவந்தது. 2024 மே மாதம் அதில் ‘வேன்கார்ட்’ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கட்டாயமாக்கப்பட்டது. விண்டோஸ் கணினியின் அடித்தளமான கெர்னல் வரை இறங்கி, கணினி உயிர்பெறும்போதே தானும் எழுந்து உட்காரும் மென்பொருள் அது. பதினைந்து வருடம் ஆடியவருக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள்: தன் கணினியின் அந்த ஆழம்வரை ஒரு நிறுவனத்தை நம்பி அனுமதிப்பது, அல்லது ஆட்டத்தை விடுவது.

நம் ஊர்க் கதை இன்னும் நெருக்கமானது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைலும் போனது. அடுத்த ஆண்டு ஜூலையில் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய பப்ஜி கணக்கில் இருந்த உடைகள், துப்பாக்கி ஸ்கின்கள், வாங்கிய தரவரிசை எல்லாம் புதிய கேமுக்கு வர வேண்டுமென்றால், தன் தகவலைப் பழைய நிறுவனத்திலிருந்து கிராஃப்டனுக்கு மாற்றச் சம்மதிக்க வேண்டும். அதற்கும் 2021 டிசம்பர் 31 என்று கெடு வைத்தார்கள். பல மாதங்கள் யு.சி. என்ற ஆட்டப் பணம் வாங்கி, ஒவ்வொரு சீசனாக ஏறி வந்த ஒரு பையன் அந்தப் பெட்டியைப் பார்த்தபோது தனியுரிமையைப் பற்றி யோசித்திருப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவன் கண்ணுக்குத் தெரிந்தது அவனுடைய பழைய பெயரும் உடையும்தான்.

ஆட்டத்தில் தெரியும் மனிதன்

‘ஒரு கேம் தானே, அதில் என்ன ரகசியம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றோர் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தொலைபேசி எண், இருக்கும் இடம், எந்த மாடல் போன், யாரெல்லாம் நண்பர்கள் என்பதோடு நின்றுவிட்டால் அதை இன்னொரு ஆப் என்று விட்டுவிடலாம். விளையாட்டில் சேரும் தகவல் வேறு ரகம். எத்தனை மணிக்கு ஆட உட்காருகிறீர்கள், எத்தனை முறை தோற்றால் எரிச்சலில் வெளியேறுகிறீர்கள், எத்தனை முறை தோற்றால் காசு கொடுத்து ஆயுதம் வாங்குகிறீர்கள், யாரோடு சேர்ந்தால் அதிக நேரம் இருக்கிறீர்கள், சலுகை முடிய இரண்டு நிமிடம் என்று கடிகாரம் ஓடும்போது விரல் எங்கே போகிறது என எல்லாமே பதிவாகக்கூடியவை. ஒரு மனிதன் ஆசைக்கும் ஆத்திரத்துக்கும் எப்படி ஆட்படுகிறான் என்பதை இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்புள்ள இடங்கள் மிகக் குறைவு.

இந்தப் பார்வையை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நிறுவனங்கள் யோசித்ததற்குப் பொதுவெளியில் ஆவணமே இருக்கிறது. 2017 அக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. ஓர் ஆட்டக்காரரை யாரோடு மோதவிட்டால் அவருக்குப் பொருள் வாங்கும் ஆசை வரும் என்று கணித்து, அதற்கேற்ற எதிராளியைப் பொருத்தும் முறை அது. நல்ல துப்பாக்கி வைத்திருப்பவரிடம் தோற்கவைத்தால் அதே துப்பாக்கியை வாங்கத் தோன்றும். வாங்கியதும் அந்தத் துப்பாக்கி நன்றாகப் பலிக்கும் ஆட்டத்தில் சேர்த்துவிட்டால், வாங்கியது சரிதான் என்ற திருப்தி வரும். எந்த விளையாட்டிலும் இதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் அப்போது விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும், ‘விளையாட்டு அனுபவத்தை மேம்படுத்த’ என்று பாலிசிகளில் வரும் ஒரு வரிக்குள் எவ்வளவு அடங்க முடியும் என்பதை அந்தக் காப்புரிமை காட்டுகிறது.

மறுப்பு தெரிவித்தவரையும் விடாத சம்பவம் பிரான்சில் நடந்தது. வூடூ என்ற நிறுவனம் ஐபோனுக்கான எளிய, குட்டி விளையாட்டுகளை வெளியிடுகிறது. ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த ‘பின்தொடர அனுமதிக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொன்ன ஆட்டக்காரர்களுக்கு, பின்தொடர்தல் நிறுத்தப்பட்டது என்று நிறுவனம் தகவலும் காட்டியது. உண்மையில் வேறோர் அடையாள எண்ணை எடுத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. பிரான்சின் தகவல் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல். 2022 டிசம்பரில் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

நிறுவனங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நூறு பேர் ஒரே தீவில் சுட்டுக்கொள்ளும் ஆட்டத்தில் ஐ.பி. முகவரி இல்லாமல் யாரையும் இணைக்க முடியாது. சேர்த்த புள்ளிகளை வைத்திருக்க ஒரு கணக்கு வேண்டும். குரல் உரையாடலில் பெண்களை ஆபாசமாகத் திட்டுபவனைத் தடுக்க அவன் யார் என்று தெரிய வேண்டும். ஏமாற்று மென்பொருளோடு வருபவர்களால் நேர்மையாக ஆடுபவர்கள் எவ்வளவு நொந்துபோகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இவையெல்லாம் ஆட்டம் நடப்பதற்கு வேண்டியவை. இவற்றுக்குச் சம்மதம் கேட்பதே சடங்குதான். ஆட்டத்துக்கு வேண்டாதவற்றையும் இதே மூட்டையில் கட்டி, ஒரே டிக்கில் வாங்கிக்கொள்வதோடுதான் என் சண்டை.

தனியாக ஆடுபவனுக்கு எதற்கு இணையம்?

இந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் புகார் ஒன்று ஆஸ்திரியாவில் பதிவாகியிருக்கிறது. ‘ஃபார் க்ரை பிரைமல்’ 2016இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட விளையாட்டு. கற்காலத்தில் வேட்டையாடித் திரியும் ஒருவனின் கதை, ஒருவர் தனியாகவே ஆடுவது. மற்றொரு ஆட்டக்காரர் தேவையில்லை, ஆன்லைனில் செய்ய எதுவும் இல்லை. இருந்தும் அதைத் தொடங்க யூபிசாஃப்ட் கணக்கில் நுழைந்து இணையத்தோடு இணைந்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டீமில் அதை வாங்கிய ஒருவர், ஏன் என்று பார்க்கத் தன் கணினியிலிருந்து என்ன வெளியே போகிறது என்று கண்காணித்தார். பத்து நிமிடத்தில் 150 முறை வெளி சர்வர்களோடு தொடர்பு. கூகுள், அமேசான், டேட்டாடாக் என்ற அமெரிக்க நிறுவனம் ஆகியவை மறுமுனையில் இருந்தன.

2025 ஏப்ரலில் வியன்னாவைச் சேர்ந்த ‘நோயிப்’ என்ற தனியுரிமை அமைப்பு அவர் சார்பில் ஆஸ்திரியத் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஃபேஸ்புக்கை ஐரோப்பிய நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நிறுத்திவைத்த மாக்ஸ் ஷ்ரெம்ஸ் தொடங்கிய அமைப்பு அது. வாங்கியவர்தானா என்று சரிபார்க்கவே இணைய இணைப்பு என்ற வாதம் நிற்காது, ஸ்டீமில் வாங்கும்போதே அது சரிபார்க்கப்பட்டுவிடுகிறது என்பது புகாரின் வாதங்களில் ஒன்று.

2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். இதற்கு இடம் தருகிறது. அதன் 7ஆம் பிரிவு, ஒரு சேவைக்குத் தேவையில்லாத தகவலுக்குச் சம்மதிப்பதை அந்தச் சேவைக்கே நிபந்தனையாக்கியிருந்தால், அந்தச் சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட்டதா என்பதை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் இதைச் சுற்றிப்போக ஒரு வழி கண்டுபிடித்தன. ‘இது சம்மதம் அல்ல, நீங்கள் எங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பகுதி’ என்றன. மெட்டா நிறுவனம் விளம்பரத்துக்கு இந்த வாதத்தை வைத்தபோது, அயர்லாந்து ஆணையம் 2023 ஜனவரியில் 39 கோடி யூரோ அபராதம் விதித்து அதை நிராகரித்தது. விளையாட்டுத் துறைக்கும் இது பொருந்துமா என்பதற்கு வியன்னா புகார் ஒரு நல்ல சோதனை.

அம்மாவின் போன், பையனின் விரல்

சம்மதம் என்ற ஏற்பாடு முழுவதுமாகச் சரிந்துவிழும் இடம் குழந்தைகள். விளையாட்டுத் துறையின் மிகப் பெரிய அபராதங்கள் இங்கேதான் விழுந்திருக்கின்றன. 2022 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ தயாரிப்பாளரான எபிக் கேம்ஸ், அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. அதில் 27.5 கோடி, 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் சேர்த்தது தொடர்பான அபராதம். மீதி, ஏமாற்றும் பட்டன் அமைப்பால் தெரியாமல் பொருள் வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர. குழந்தைகள் முன்பின் தெரியாதவர்களோடு பேசும் குரல் வசதியை ஆரம்பத்திலேயே திறந்துவைத்திருந்தது, அதன் மூலம் மிரட்டலுக்கும் துன்புறுத்தலுக்கும் பிள்ளைகள் ஆளானது ஆகியவையும் ஆணையத்தின் குற்றச்சாட்டில் இருந்தன.

மைக்ரோசாஃப்ட் 2023இல் எக்ஸ்பாக்ஸுக்காக 2 கோடி டாலர் கட்டியது. 13 வயதுக்குக் கீழ் என்று குழந்தையே பிறந்த தேதியைச் சொன்ன பிறகும் தொலைபேசி எண்ணைக் கேட்டு, விதிமுறைகளுக்குச் சம்மதமும் வாங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் பெற்றோரைக் கூப்பிடச் சொன்னார்கள். விளம்பரத்துக்கான கட்டத்தில் 2019 வரை டிக் முன்கூட்டியே விழுந்திருந்தது. பெற்றோர் வராமல் பாதியில் நின்ற கணக்குகளின் விவரமும் ஆண்டுக்கணக்கில் அழிக்கப்படாமல் கிடந்தது. ‘கென்ஷின் இம்பாக்ட்’ வெளியீட்டாளர் 2025 ஜனவரியில் இன்னொரு 2 கோடி டாலருக்குச் சம்மதித்தார்.

நம் வீடுகளில் எப்படி நடக்கிறது? கேமில் வயது கேட்டால் 18க்கு மேல் என்பதைத் தொடுவார்கள். பெற்றோர் எண் கேட்டால், பையன் கையில் இருப்பதே அம்மாவின் போன். ஓ.டி.பி. அவன் கையிலேயே வந்து விழும், அவனே அடிப்பான். அம்மா சமையலறையிலோ வேலையிலோ இருப்பார். சட்டத்தின் பார்வையில் ஒரு தாய் சம்மதித்துவிட்டார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்தாலும் இருபது பக்க ஆங்கிலச் சட்ட உரைநடையைத்தான் படிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் நாட்டுச் சட்டம் நல்ல காரியம் ஒன்றைச் செய்திருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் பெற்றோர் சம்மதத்தைப் பொருட்படுத்தாமல் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். டிக் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இதைச் செய்யாதே என்று சொல்வதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்கள் விஷயத்திலும் சிலவற்றை இப்படியே நேராகத் தடை செய்ய வேண்டும்.

அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பானதாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது: தொலை மருத்துவ ஆப் ஒன்று சிகிச்சைக்கும் போனில் உள்ள தொடர்பு எண்களுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கினால், தொடர்பு எண்கள் சிகிச்சைக்குத் தேவையில்லாததால் அந்தப் பகுதி செல்லாது. மருத்துவ ஆப் இருக்கும் இடத்தில் ஒரு கேமை வைத்துப் படியுங்கள், பாதி பாலிசிகள் காணாமல் போகும். சம்மத வேண்டுகோளை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தமிழ் அதில் ஒன்று.

பலவீனமும் அதே பிரிவில் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அதனால் வரும் விளைவுகளைத் திரும்பப் பெறுபவரே ஏற்க வேண்டும். விளம்பரத்துக்கான சம்மதத்தை நான் திரும்பப் பெற்றால், என் கணக்கை மூடுவதை அந்த ‘விளைவு’ என்று நிறுவனம் சொல்லுமா? நிபந்தனையற்ற சம்மதம் என்று மேலே சொன்னதை வைத்து, கூடாது என்றுதான் நான் வாசிக்கிறேன். நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் வேறு மாதிரி வாசிப்பார்கள். பழைய சம்மதங்களின் கதையும் கவலை தருவது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் வாங்கிய சம்மதம் இருந்தால், ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, ஆட்டக்காரர் மறுக்கும்வரை தொடரலாம். அதாவது, ஐந்து வருடம் முன்பு ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் அவசரமாகத் தொட்ட பட்டனுக்கு இன்னும் உயிர் இருக்க இடமிருக்கிறது.

2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இந்தப் பிரிவுகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகே, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். இந்தியாவில் 50 லட்சமோ அதற்கு மேலோ பதிவுசெய்த ஆட்டக்காரர்கள் உள்ள நிறுவனங்களுக்கு விதிகளில் தனியாகவே ஓர் இடம் உண்டு: மூன்று ஆண்டுகள் எட்டிப் பார்க்காதவரின் தகவலை அழிக்க வேண்டும், அழிப்பதற்கு 48 மணி நேரம் முன் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கட்டாயப்படுத்துவது நிறுவனங்கள் மட்டும்தான் என்று சொன்னால் உண்மை முழுமையாகாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகள் ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடவும் தடை விதித்தன. நிறுவனங்கள் தனியுரிமையைக் காட்டி வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் 3 அன்று விதிகள் செல்லும் என்றது. ரம்மியில் சொத்தையும் உயிரையும் தொலைத்த குடும்பங்களைப் பார்த்த மாநிலம் இது. அந்த விதியின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. ஆட்டம் நின்றது. அதற்குள் லட்சக்கணக்கானோரிடம் வாங்கிய அடையாளச் சான்றுகளும் வங்கி விவரங்களும் யார் பொறுப்பில், எவ்வளவு காலம் இருக்கும் என்ற கேள்விக்கு அரசும் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வி நிறுவனம் கைமாறும்போதும் வரும். ‘போகேமான் கோ’வை 2016இல் இறக்கியவர்கள் கலிஃபோர்னியாவின் நயான்டிக் நிறுவனத்தை நம்பிச் சம்மதம் தந்தார்கள். ஊரின் சிலைகளையும் சின்னங்களையும் போன் கேமராவால் சுற்றிப் படமெடுத்து அனுப்பும் வேலையையும் சிலர் விரும்பிச் செய்தார்கள். அந்தப் படங்களைக் கொண்டு உலகை முப்பரிமாணத்தில் புரிந்துகொள்ளும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை உருவாக்குவதாக 2024 நவம்பரில் நயான்டிக் சொன்னது. நடந்து விளையாடுவது மட்டும் இதில் சேராது, விரும்பி அனுப்பிய படங்களே சேரும் என்றும் விளக்கியது. நியாயமான விளக்கம்தான். ஆனால் போகேமானுக்காகப் படம் அனுப்பியவருக்கு அன்று இந்தப் பயன் எங்கே சொல்லப்பட்டது? அடுத்த ஆண்டே விளையாட்டுப் பிரிவு 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஸ்கோப்லியின் உரிமையாளர் சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான நிறுவனம். இப்படிக் கைமாற்றும் உரிமையும் வழக்கமான பாலிசிகளில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும்.

சட்டப் பிரிவுகள் நடைமுறைக்கு வரும் 2027 மே வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் தனியுரிமை, விளம்பரங்கள் என்று போனால் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். ஐபோனில் ஆப்கள் பின்தொடர அனுமதி கேட்பதையே நிறுத்திவைக்கலாம். கேமுக்குக் கொடுத்த மைக், இருப்பிடம், தொடர்பு எண் அனுமதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கேம்கள் அவை இல்லாமலே ஓடும். வீட்டில் பிள்ளைகள் ஆடும் கேமில் குரல் உரையாடல் திறந்திருக்கிறதா என்பதை இன்றிரவே அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. பிரைவசி பாலிசியின் கடைசிப் பகுதியில் பெரும்பாலும் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். அவருக்குத் தமிழிலேயே எழுதலாம்: என்னைப் பற்றிய எந்தத் தகவலை வைத்திருக்கிறீர்கள், ஆட்டம் நடக்க இதில் எது தேவை, மீதியை யாருக்குக் கொடுக்கிறீர்கள், மீதிக்குச் சம்மதம் தராமல் நான் ஆட முடியுமா? பதில் வந்தால் பத்திரப்படுத்துங்கள், வராவிட்டால் எழுதிய தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் தகவல் பாதுகாப்பு வாரியத்திடம் போகும் முன் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பிரிவுகள் நடைமுறைக்கு வந்ததும் அதே கேள்விகளை அதே முகவரிக்கு இன்னொரு முறை அனுப்புங்கள். வாரியத்துக்குப் போகும் புகாரில் இரண்டு கடிதங்களையும் இணைக்கலாம்.